அளவெடுத்த சைக்கிள்

ரவிக்கைக்கு அளவு கொடுக்கிறோம். வளையல் வாங்கக் கையை நீட்டுகிறோம். செருப்புக் கடையில் காலை வைத்துக் காட்டுகிறோம். சைக்கிளுக்கு அளவு கொடுத்தவர்கள் நம் வீடுகளில் யாராவது உண்டா?

"சைக்கிளுக்கு என்ன அளவு வேண்டிக் கிடக்கிறது? 22 அங்குலமா, 24 அங்குலமா என்று கடைக்காரர் கேட்பார், சொல்லுவோம். அதோடு சரி" என்று நேயர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் உலகத்தின் வேறு சில பகுதிகளில், சைக்கிளுக்கு அளவு கொடுத்துவிட்டு, சம்பந்தி வீட்டுக் கடிதத்தை எதிர்பார்ப்பதுபோல் மாதக் கணக்கில், ஏன், வருஷக் கணக்கில்கூடக் காத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கையாலேயே சைக்கிள் செய்து கொடுக்கும் கொல்லர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொல்லர்கள் ஒன்றுகூடி, தங்கள் கைவேலையை ஊருக்குக் காட்டும் கண்காட்சிகளும் நடக்கின்றன.

2005-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் டான் வாக்கர் என்ற சைக்கிள் தொழிலாளி இப்படி ஒரு கண்காட்சியைத் தொடங்கினார். பிறகு அது வருஷத்துக்கு ஓர் ஊராகப் பல ஊர்கள் சுற்றியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 2011-இல் ஒன்று ஆரம்பமாயிற்று. 2023-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இன்னொன்று. நகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஜனங்கள் கண்ணை அகல விரித்துக்கொண்டு நடப்பார்களாம். விலையும் நகைக் கடை விலைதான் என்று கேள்வி.

அப்படி என்ன விசேஷம் அந்த சைக்கிளில்? வாங்குகிறவரை நிறுத்திவைத்து, காலின் நீளம், கையின் நீளம், தோளின் அகலம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அதற்குத் தக்கபடி எஃகுக் குழாய்களை அறுத்து, வாய் பொருந்த அராவி, பித்தளையையோ வெள்ளியையோ உருக்கிப் பற்றவைக்கிறார்கள். பாட்டனார் சைக்கிளைப் பேரன் ஓட்டினால் சரியாக இராது. அது பாட்டனாருடைய உடம்புக்கு மட்டுமே பிறந்த சைக்கிள்!

இம்மாதிரிக் கண்காட்சிக்குப் போக எனக்கும் ஆசைதான். ஹூஸ்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் டிக்கெட் வாங்கித் தரும் பத்திரிகை ஆபீஸ் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சிக்கு பஸ் டிக்கெட் கிடைத்தது. அங்கேதான் நான் பார்க்க விரும்பிய கண்காட்சியைப் பார்த்தேன். அதற்கு விளம்பரம் கிடையாது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நடத்தியவர்களுக்கே அது கண்காட்சி என்று தெரியாது.

நான் போன காரியம் வேறு. உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் வரும் கள்ளக்குறிச்சி, 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகர் ஆயிற்று. அந்த ஊரிலும் சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களிலும் மரத்தில் சுவாமி விக்கிரகங்கள் செதுக்கும் சிற்பிகள் பரம்பரையாக இருக்கிறார்கள். 2021-இல் 'கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்கள்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இருக்கிற அதே கௌரவம். அதைப் பற்றி எழுதத்தான் போனேன்.

ஊருக்கு வெளியே, கல்வராயன் மலைக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு பட்டறை. வாகை மரத்துண்டு ஒன்றில் பிள்ளையார் பாதி வெளிவந்திருந்தார். தும்பிக்கை வந்துவிட்டது, தொந்தி இன்னும் மரத்துக்குள்ளேயே இருந்தது. சிற்பி உளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"எல்லாம் அளவுலதாம்மா இருக்கு. முகத்தோட நீளம் ஒரு தாலம். சிவன், பெருமாள்னா பத்துத் தாலம். பிள்ளையாருக்கு அஞ்சு தாலம் போதும். அவர் குழந்தை இல்லையா? பெருமாள் அளவைப் பிள்ளையாருக்குப் போட்டா பிள்ளையாரா இருக்க மாட்டார். யானைத் தலை வச்ச போலீஸ்காரரா இருப்பார்!"

அவரிடம் வெளிநாட்டு சைக்கிள் கண்காட்சிகளைப் பற்றிச் சொன்னேன். உலகத்தின் முதல் இரு சக்கர வண்டியே மரத்தால் செய்ததுதான். 1817-இல் ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் அதை ஓட்டினார். பெடல் கிடையாது, காலால் தரையை உந்தியே போக வேண்டும் என்றேன். சிற்பிக்கு ஒரே குதூகலம். "அப்ப சைக்கிளும் எங்க ஆளுங்க வேலைதான்னு சொல்லுங்க!" என்றார். பிறகு, உளியால் சாலையைச் சுட்டிக் காட்டினார்.

"அதோ பள்ளிக்கூடத்துல சைக்கிள் பூட்டிக்கிட்டிருக்காங்க. என் தம்பி பொண்ணுக்கும் ஒண்ணு வருது. போய்ப் பாருங்க. அதுவும் கைவேலைதான்."

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அரசாங்க மேல்நிலைப் பள்ளி என்று சொன்னால் போதும். விளையாட்டு மைதானத்தின் ஒரு பாதியில் சைக்கிள்கள் அணிவகுத்து நின்றன. மறு பாதியில் சைக்கிள்கள் இன்னும் சைக்கிள் ஆகாமல் கிடந்தன. இந்தப் பக்கம் கூடுகள், அந்தப் பக்கம் சக்கரங்கள், கோணி விரிப்பின்மேல் மட்கார்டுகள், அட்டைப் பெட்டிகளில் பெடல்கள். கல்யாண வீட்டில் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்திருப்பதுபோல் எல்லாம் வகை வகையாக இருந்தது. வேப்ப மர நிழலில் பத்துப் பேர் குந்தி உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த சைக்கிள்களின் கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 2001-02-இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தமிழ்நாட்டு அரசாங்கம் ஆரம்பித்தது. 2005-06-இல் அரசு, உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. பல பள்ளிகளுக்கு சைக்கிள் முழுசாக வருவதில்லை. பாகம் பாகமாக லாரியில் வந்து, பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே உருவாகிறது. எந்தத் தொழிற்சாலையில் வார்த்தாலும், கடைசியில் ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து, திருகி, தட்டி, சுழற்றிப் பார்த்தால்தான் அது ஓடுகிற வண்டி ஆகிறது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மட்டும் எதையும் பூட்டவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர். மற்றவர்கள் பூட்டி முடித்த சைக்கிளை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தார்கள். அவர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒரு சாக்கட்டியை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். சக்கரம் எங்கே வளைந்து ஒதுங்குகிறதோ அங்கே மட்டும் சாக்கட்டி கோடு போட்டது. உடனே ஒரு சின்னச் சாவியால் இந்தப் பக்கத்துக் கம்பியை ஒரு அரைச் சுற்று முடுக்கினார். அந்தப் பக்கத்துக் கம்பியை ஒரு கால் சுற்று தளர்த்தினார். மறுபடி சுழற்றினார். சாக்கட்டி இப்போது எதையும் தொடவில்லை.

"இதுக்குப் பேருதான் கோட்டம் எடுக்கறதும்மா" என்றார். பஜாரில் நாற்பது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருப்பவராம். வேலை அதிகமாக இருக்கும்போது இங்கே கூப்பிடுவார்களாம். வண்டிக்கு இவ்வளவு என்று கூலி.

"பழைய கறுப்பு சைக்கிள் இருக்குதே, அதுக்கு முன் சக்கரத்துல 32 கம்பி, பின் சக்கரத்துல 40 கம்பி. அப்பல்லாம் கடைக்குச் சக்கரமா வராது. ரிம் தனி, ஹப் தனி, கம்பி கட்டுக் கட்டா வரும். ஒவ்வொண்ணா கோத்து நாமதான் சக்கரம் கட்டணும். ராத்திரி கண்ணை மூடினாலும் கம்பிதான் தெரியும்."

"ஊசி மாதிரி இருக்கிற கம்பி இவ்வளவு பாரத்தை எப்படித் தாங்குகிறது, பெரியவரே?"

"தாங்கறது எங்க? இழுத்துப் பிடிக்குது, அவ்வளவுதான். ஒத்தைக் கம்பிய நிறுத்தி வச்சு மேல கையை அழுத்துங்க, வளைஞ்சு போவும். எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி இழுத்துக்கிட்டு இருந்தா ரெண்டு மூட்டை நெல்லையும் ஏத்தலாம். ஒண்ணை மட்டும் முடுக்கினீங்க, சக்கரமே கோணிக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒரே மருமகளை எல்லாரும் முடுக்கினா வீடு நேரா ஓடுமா?"

சொல்லிவிட்டு, கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டினார். வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல் இருந்தது. ஒரு கம்பி மட்டும் மந்தமாக ஒலித்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வித்தையை யாருக்காவது கற்றுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். "பஞ்சர் போடப் பசங்க கிடைக்கறாங்க. கோட்டம் எடுக்கப் பொறுமை வேணும். புது ரிம் மாத்திடுன்னு சொல்றது சுலபம் பாருங்க" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நிற்க. பெண்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தம் சாதாரணமானதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கச் செய்தார். ஆயிரக் கணக்கில் பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தம் புத்தகத்தில் எழுதி உலகறியச் செய்தார்.

பீகாரிலும் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் உயர்ந்ததாம். அதிலும் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கிராமங்களில்தான் இந்தப் பலன் மிகுதியாகத் தெரிந்ததாம். பெண்ணின் படிப்பைத் தடுப்பது பல வீடுகளில் புத்தியோ பணமோ அல்ல. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலே கிடக்கும் அந்தச் சாலைதான்.

இதை நான் புள்ளி விவரமாகத்தான் அறிந்திருந்தேன். அன்று பிற்பகல் வேப்ப மரத்தடிக்கு ஒரு தாயும் மகளும் வந்தபோது கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் மலைக்காரர்கள். கல்வராயன் மலையில் இருக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும்கூட அந்த மலை ஜாகீர்தார்கள் கையிலேயே இருந்தது. 1976-இல்தான் அந்த ஜாகீர் முறை ஒழிந்தது. மலையில் பள்ளிக்கூடமும் சாலையும் எவ்வளவு பிந்தி வந்திருக்கும் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பெண் பத்தாவது வரை மலையிலே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். தனக்கு வேண்டிய பாடப் பிரிவுக்காகக் கீழே இறங்கி, சித்தி வீட்டில் தங்கிப் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பள்ளிக்கூடம் திறக்கும் வரை வாசலில் உட்கார வேண்டும். அடுத்த பஸ்ஸில் வந்தால் முதல் பீரியட் முடிந்திருக்கும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் பஸ் போய்விடும். இருட்டில் சாலையில் நிற்க வேண்டும்.

"அவங்க அப்பா, பொட்டப்புள்ள இருட்டுல ரோட்டுல நிக்க வேணாம், படிச்சது போதும், கூட்டியாந்துடுன்னு சொல்லிட்டாரு" என்றாள் தாய். "சைக்கிள் குடுக்கறாங்களாம், அதைப் பாத்துட்டு வந்து சொல்றேன்னு இறங்கி வந்தேன்."

ஒரு பெண்ணின் படிப்புக்கு வாதாட அவள் கையில் இருந்தது சைக்கிள் ஒன்றுதான். அதைத்தான் பார்க்க வந்திருந்தாள். சேலைத் தலைப்பால் சீட்டைத் துடைத்துவிட்டு, "ஏறி உக்காரு, பாக்கலாம்" என்றாள்.

பெண் ஏறினாள். குட்டையான பெண். கால் தரையில் எட்டவில்லை. பெடலிலும் சரியாக எட்டவில்லை. பெரியவர் சீட்டை இறக்கினார். அது பாதி தூரம் இறங்கி, முட்டிக்கொண்டு நின்றது. தாயின் முகம் வாடிவிட்டது. ஒரே அளவில் வந்த நூற்றுக் கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே, அந்தப் பெண்ணுக்கென்று ஒன்று இல்லை.

"சீட்டுக் குழாயை ரெண்டு விரற்கடை அறுத்தா இறங்கிடும், சார்" என்று பெரியவர் மேற்பார்வை செய்தவரிடம் சொன்னார்.

"அதெல்லாம் இங்கே கூடாதுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், கணக்கு இருக்கு. கொடுத்த அப்புறம் அவங்க இஷ்டம்" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெரியவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஓட்டத் தெரியுமா, பாப்பா?"

பெண் தலையை ஆட்டினாள். மலையில் சைக்கிள் ஓட்டச் சமதரை ஏது?

"இன்னும் ஒரு வாரத்துல வண்டி குடுத்துடுவாங்க. அதுக்குள்ள கத்துக்க. கடையில சின்ன வண்டி ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கிட்டு வர்றேன். உன் வண்டி கைக்கு வந்ததும் நேரா கடைக்குக் கொண்டா. அறுத்துத் தர்றேன். காசு வேணாம்."

மறுநாள் காலை நான் ஊர் திரும்புமுன் மைதானத்துப் பக்கம் போனேன். பெண் சின்ன சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் ஓரத்தில் நின்று, "கீழ பாக்காத, தூரமா பாரு!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் அந்தத் தாய். தன் வாழ்நாளில் சைக்கிளைத் தொட்டிராதவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க ஓடினாள். நாலு முறை இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். ஐந்தாவது முறை, பெரியவர் சொல்லாமலே தாய் கையை எடுத்துவிட்டாள். பெண்ணுக்கு அது தெரியாது. "விட்டுடாதம்மா, விட்டுடாத!" என்று கத்திக்கொண்டே மைதானத்தின் மறு கோடி வரை தனியாகப் போய்விட்டாள்.

வெளிநாட்டுக் கண்காட்சிகளில் மெருகேற்றிய வண்டிகள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது, அவற்றைச் செய்தவருடைய பெயரை ஜனங்கள் விசாரித்து அறிகிறார்கள். நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கும் ஒரு பெயர் உண்டு. அடுத்த முறை பஞ்சர் ஒட்டப் போகும்போது, வீட்டுச் சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி, "கோட்டம் இருக்கிறதா, பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெண் குழந்தைக்குச் சீட்டு உயரம் சரிதானா என்றும் கேளுங்கள். அவர் முகம் மலருவதைக் காண்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பழைய வண்டியும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு மாதம் கழித்து மரச் சிற்பி ஃபோன் செய்தார். பிள்ளையார் முழுசாக வெளியே வந்துவிட்டாராம். மலைக்காரப் பெண்ணைப் பற்றியும் சொன்னார். சீட்டுக் குழாய் இரண்டு விரற்கடை குறைந்து, அவள் தினம் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் வருகிறாளாம். அவளுடைய தகப்பனார் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் சைக்கிள் கடைக்கு வந்து, "பிரேக் பிடிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாராம்.

"அறுத்த குழாயை என்ன செய்தார் பெரியவர்?" என்று கேட்டேன்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டு, முழு நீளக் குழாய் ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்காரும்மா. பொண்ணு வளர்ற வயசு, அடுத்த வருஷம் சீட்டை ஏத்தணும், அதுக்கு வேணும்னு சொல்றாரு."